கோழி நொண்டினால் முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டுக் கொல்லையில் சில கோழிகளை வளர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கழிச்சலைப் பற்றியும் அம்மையைப் பற்றியும் எச்சரிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். கால்களைப் பற்றி வாய் திறப்பவர்கள் அரிது. கடந்த ஓராண்டில் என்னுடைய சிறிய கூட்டத்தில் கால் தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கனத்த உடல்வாகு கொண்ட ஒரு பெட்டைக்கு உள்ளங்காலில் கட்டி வந்து, கத்தி வைக்கும் நிலை வரை போனது. இன்னொரு பெட்டை ஒரு விரலை இழந்தது. ஓர் இளம் பெட்டை இறந்தே போனது. மருத்துவருக்கும் மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் ஆன செலவில் இந்தக் கூட்டம் முழுவதையும் புதிதாகவே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொல்லிக் காட்டினார்கள். அந்தக் கணக்கு சரிதான். இவை அனைத்திலும் வெளியே தெரிந்த அறிகுறி ஒன்றே ஒன்று: கோழி நொண்டியது. உள்ளே இருந்த காரணமோ ஒவ்வொரு முறையும் வேறு. ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படுவதில்லை. சிலவற்றில் சில நாள் தாமதித்தாலும் பிறகு மீட்பே கிடையாது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

உள்ளங்கால் கட்டியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கொல்லைக் கோழிகளில் மிகுதியாகக் காணப்படுவது அதுதான். ஆங்கிலப் பெயரான பம்பிள்ஃபுட் என்பதையே மருத்துவர்களும் கோழி வளர்ப்பவர்களும் வழங்குகிறார்கள். கோழி தன் வலியை எளிதில் காட்டிக்கொள்ளாது; கூட்டத்தில் பலவீனம் தெரிந்தால் மற்றவை கொத்தித் துரத்திவிடும் என்பதால் கடைசி வரை தாக்குப் பிடிக்கும். அந்தப் பெட்டை நொண்டத் தொடங்கியதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே தீவனத் தொட்டிக்குக் கடைசியாக வந்து நின்றது, பகலிலும் உட்கார்ந்தே இருந்தது, முட்டையிடுவதையும் குறைத்துக்கொண்டது. நான் கேட்டவர்கள் எல்லாம் சுளுக்காக இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். பிடித்துத் திருப்பிப் பார்த்தபோது, உள்ளங்காலின் நடுவில் இருக்கும் பெரிய சதைத் திண்டில் மிளகு அளவில் வட்டமாக ஒரு கரும்பொருக்கு தெரிந்தது. சுற்றிலும் தோல் மினுமினுப்பாக, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. திண்டு புடைத்திருந்ததால் விரல்களுக்கு இடைப்பட்ட பகுதியும் மேல்நோக்கி வீங்கியிருந்தது. மேலிருந்து பார்க்கும்போது இவற்றில் எதுவுமே தெரிவதில்லை. நின்றுகொண்டிருக்கும் கோழியின் காலைப் பார்த்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

பிடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பகலில் துரத்திப் பிடித்தால் புண்ணான கால் மேலும் புண்ணாகும். இருட்டிய பிறகு, அது கட்டையில் ஏறி உட்கார்ந்து தூங்கும் நேரத்தில், இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணைத்து எடுத்தால் சத்தமே போடாது. ஒரு துவாலையால் இறக்கைகளைச் சுற்றி, தலையை லேசாக மூடி, மடியில் மல்லாக்காகச் சாய்த்துக்கொண்டால் இரண்டு பாதங்களும் கண்ணெதிரே வந்துவிடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பறவைகளுக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சுக் காற்று உள்ளே போய் வரும். துவாலையை மார்பின் மேல் இறுக்கினாலோ, கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்தாலோ கோழி ஒரு சத்தமும் இல்லாமல் மூச்சுத் திணறிவிடும். மல்லாக்காகவும் நெடுநேரம் வைத்திருக்க வேண்டாம். பார்த்து முடித்தவுடன் நிமிர்த்திவிட வேண்டும்.

இந்தக் கட்டி எப்படி வருகிறது என்பது தெரிந்தால்தான் சிகிச்சையும் புரியும். உள்ளங்காலில் ஒரு சிறு கீறலோ சிராய்ப்போ முதலில் உண்டாகிறது. அதன் வழியே கிருமி நுழைகிறது. பெரும்பாலும் அது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. இது தோலின் மேலும் கூட்டுத் தரையில் பரப்பும் கூளத்திலும் சாதாரணமாகவே இருப்பது. நமக்குச் சீழ் நீராக வடிந்து வெளியேறிவிடும். கோழிக்கு அப்படி நடப்பதில்லை. சீழைக் கரைத்து நீர்க்கச் செய்யும் நொதி பறவைகளின் வெள்ளணுக்களில் குறைவு என்பதால், அது பாலாடைக்கட்டி போல் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு உள்ளேயே தங்கிவிடுகிறது. கிள்ளிப் பிதுக்கினாலும் வராது. அதைச் சுற்றி உடல் ஒரு சுவரைக் கட்டிக்கொள்வதால் ஊசி வழியாகவோ வாய் வழியாகவோ கொடுக்கும் மருந்துகூட நடுவே எளிதில் எட்டாது. வெறும் மாத்திரையில் இது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கவனிக்காமல் விட்டால் கிருமி தசைநாண்களுக்கும் மூட்டுக்கும் எலும்புக்கும் போகிறது; எலும்பைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் அந்தக் கோழியைக் காப்பாற்ற முடிவதில்லை.

தொடக்க நிலையில், அதாவது சிறிய பொருக்கு மட்டும் இருந்து வீக்கமோ சூடோ பெரிதாக இல்லாதபோது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கையுறை கட்டாயம் அணிய வேண்டும். இதே கிருமி நம் கையில் உள்ள கீறல் வழியாகவும் நுழையும். வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்துப் பாதம் மட்டும் அமிழும்படி பதினைந்து இருபது நிமிடம் நிறுத்தி வைத்தால் பொருக்கு இளகும். அந்த நீரைக் கோழி குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்சம் உப்பு பேதியை உண்டாக்கும். முதலில் உதறித் துள்ளும் கோழி, சற்று நேரத்தில் கண்ணைச் சொருகிக்கொண்டு தூங்கிவிடுவதைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். பிறகு மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, நீர்க்கச் செய்த போவிடோன் அயோடினைத் தடவி, கட்டுப் போட வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடை நாள்தோறும் ஊற்றுவதை நான் விட்டுவிட்டேன். நுரை பொங்கும்போது சுத்தமாவது போன்ற திருப்தி கிடைத்தாலும், புதிதாக வளரும் திசுவையும் அது அரித்து ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. மனிதர்களுக்கான களிம்புகளில் வலி மரத்துப் போவதற்காகப் பென்சோகெயின் போன்றவற்றைச் சேர்த்திருப்பார்கள்; அவை பறவைகளுக்கு ஆபத்தானவை என்பதால் உறையைப் படித்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

என் பெட்டைக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டிருந்தது. கத்தியை நெருப்பில் காட்டி நாமே அறுத்து எடுத்துவிடலாம் என்று சிலர் தைரியம் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உள்ளங்காலில் இரத்த ஓட்டம் மிகுதி, தசைநாண்கள் மிக அருகில் ஓடுகின்றன, மரத்துப் போகும் மருந்து இல்லாமல் அறுப்பது சித்திரவதை. கால்நடை மருத்துவர் மரத்துப் போகும் ஊசி போட்டு, பொருக்கைச் சுற்றி அறுத்து, உள்ளே இருந்த கெட்டிச் சீழைத் துண்டு துண்டாக எடுத்தார். வெளியே மிளகளவு தெரிந்ததற்கு உள்ளே ஒரு பெரிய பட்டாணி அளவுக்கு இருந்தது. அதற்கு வேர் விட்டதுபோல் இழைகளும் பக்கவாட்டில் போயிருந்தன. அவர் வலிக்கு மெலாக்சிகாமும் கிருமிக்கு ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தார். கோழிகளைப் பார்க்கும் அனுபவம் உள்ள மருத்துவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. நாய், பூனைகளை மட்டும் பார்க்கும் ஓரிடத்தில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பிய நாளும் உண்டு. கோழி நன்றாக இருக்கும்போதே அத்தகைய மருத்துவர் யார் என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

அறுவை சிகிச்சையை விடக் கட்டுப் போடுவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வழக்கமான ஒட்டும் பட்டை ஈரத்தில் கழன்றுவிடும். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் மீள்கட்டுத் துணியை விரலகலத்துக்கும் குறைவான நீண்ட பட்டைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். புண்ணின் மேல் சிறு சதுரமாக மடித்த மெல்லிய வலைத்துணியை வைத்து, பட்டையை முன் விரல்கள் ஒவ்வொன்றின் இடையிலும் கொண்டு வந்து, பாதத்தின் அடியில் குறுக்காகப் போட்டு, கணுவுக்குச் சற்று மேலே இரண்டு சுற்று சுற்றி முடித்தால் நிற்கிறது. இழுத்துக் கட்டக் கூடாது. கட்டிய அரைமணி நேரம் கழித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தாலோ, வீங்கினாலோ, நிறம் மாறினாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். முதல் வாரத்தில் தினமும் மாற்றினேன், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். கட்டு நனைந்துவிட்டால் எந்த நேரமானாலும் மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் ஈரக் கட்டு கட்டே இல்லாததை விட மோசம். அந்தக் காலம் முழுவதும் பெட்டையைக் கம்பித் தடுப்புக்குள், மற்றவை கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருந்தேன். கண்காணாத இடத்தில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டால் கூட்டம் அதை அந்நியக் கோழியாகக் கருதிக் கொத்தும். ஆறிய காலோடு புது இரத்தக் காயம் வாங்கிக்கொள்ளும்.

புண் ஆறி முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க முடியவில்லை, ஏனென்றால் மற்ற பெட்டைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோது வேறு சிலவற்றுக்கும் இளம் பொருக்குகள் இருந்தன. அப்படியானால் காரணம் கூட்டில்தான் இருக்க வேண்டும். உட்காரும் கட்டை என் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. காலையில் அங்கிருந்து குதிக்கும் கனத்த கோழியின் முழு எடையும் உள்ளங்காலின் அந்தத் திண்டில் தான் இறங்குகிறது. கட்டை அறுத்த மரமாக, கூரிய விளிம்புகளோடு, சிம்புகள் துருத்திக்கொண்டிருந்தது. இப்போது கனத்த இனங்களுக்கு ஒன்றரை அடிக்கு மேல் உயரம் வைப்பதில்லை. சுமார் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில், விளிம்புகளை உருட்டி, உப்புத்தாளால் இழைத்த கட்டையே பயன்படுகிறது. மெல்லிய குச்சியைவிட அகலக் கட்டையில் கோழி பாதத்தைப் பரப்பி உட்கார முடிவதால் எடை பரவுகிறது. இறங்குவதற்குக் குறுக்குச் சட்டங்கள் வைத்த சாய்பலகையும் போட்டேன். கம்பி வலைத் தரையைக் கழற்றிவிட்டேன்.

அடுத்தது கூளம். ஈரமான கூளத்தில் நாள் முழுவதும் நிற்கும் பாதத்தின் தோல் ஊறி மிருதுவாகிவிடுகிறது. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் அதை அரிக்கிறது. ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுகப் பிசைந்து கையைத் திறந்து பாருங்கள். லேசாகச் சேர்ந்து உடனே உதிர்ந்தால் சரியான பதம். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. அன்றே கிளறி, ஈரப்பகுதியை அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்ததைப் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித்தான் எப்போதும் நனைந்திருக்கும் என்பதால் அதைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்தேன். தீவனத்திலும் ஒன்றைக் குறைத்தேன். மக்காச்சோளத்தை ஆசையாகத் தின்கிறதே என்று அள்ளிப் போட்டதில் அந்தப் பெட்டை கொழுத்திருந்தது, எடை கூடக்கூடப் பாதத்தின் மேல் சுமை கூடும். உயிர்ச்சத்து ஏ குறைந்தாலும் தோலின் தடுப்பாற்றல் தளர்கிறது. சமச்சீரான தீவனமும் கொஞ்சம் கீரையும் இருந்தால் அதற்கெனத் தனியாக எதுவும் தேட வேண்டியதில்லை.

விரலை இழந்த பெட்டையின் கதை சுருக்கமானது, ஆனால் எனக்கு அதில்தான் கோபம் அதிகம். அது தீவன மூட்டையின் தையல் நூல். மூட்டையைப் பிரித்தபோது தரையில் விழுந்த நூல் எப்போதோ நடு விரலில் சுற்றிக்கொண்டு, கோழி கிளறக் கிளற இறுகி, சதைக்குள் புதைந்துவிட்டது. வீக்கம் ஏறியபின் நூல் கண்ணுக்கே தெரியாது. விரல் மட்டும் ஊதி, நுனி கருத்து, தொட்டால் உணர்வற்றிருக்கும். பிரகாசமான விளக்கின் கீழ் பார்த்தால் வீக்கத்துக்கு மேலே ஒரு வளையப் பள்ளம் தெரியும். நுனி கருக்காமல் வெறும் வீக்கமாக இருக்கும்போதே கண்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மழுங்கிய நுனிக் கத்தரியால் நூலை மெல்ல வெட்டி எடுத்துவிட முடியும். கருத்துக் காய்ந்துவிட்ட பகுதி இனி உயிர் பெறாது. மருத்துவர் அதை எடுத்துவிட்டார். அந்தப் பெட்டை இப்போது எந்தச் சிரமமுமின்றி கிளறித் தின்கிறது. நீண்ட தலைமுடி, மீன்பிடி நரம்பு, சாக்கின் சணல் இழை என்று எதுவும் இதைச் செய்யும். கோழிகள் நடமாடும் இடத்தில் மூட்டை பிரிப்பதையே நிறுத்திவிட்டேன்.

செதில்கால் என்பது வேறு வகை. புதிதாக வாங்கி வந்த ஒரு வயதான கோழியோடு இது நுழைந்தது. ஆரோக்கியமான காலில் செதில்கள் வழவழப்பாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இதில் அவை தூக்கிக்கொண்டு, அடியில் வெண்மையான மாவுப் பொருக்குத் திரண்டு, கால் முழுவதும் தடித்துக் கரடுமுரடாகிவிடும். நெமிடோகாப்டஸ் மியூட்டன்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி செதில்களுக்கு அடியில் வளை தோண்டி, முழு வாழ்வையும் அங்கேயே கழிக்கிறது. அரிப்பும் வலியும் கூடி, முற்றினால் விரல்களே கோணிப் போகும். தூக்கிய செதில்களைப் பிய்க்க ஆசை வரும். பிய்த்தால் இரத்தம் கொட்டும், கிருமியும் நுழையும். கால்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மேலிருந்து கீழாக மென்மையாகத் தேய்த்து, காயவைத்து, தாவர எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ செதில் இடுக்கெல்லாம் புகும்படி தடவினால் உண்ணிகள் மூச்சு முட்டிச் சாகும். இதை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பல வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தோலைப் பொசுக்கும், உள்ளேயும் ஊறும், வேண்டவே வேண்டாம். ஒரு கோழிக்கு இருந்தால் எல்லாக் கோழிகளுக்கும் தடவ வேண்டும், உட்காரும் கட்டைகளையும் தேய்த்துக் கழுவ வேண்டும். உண்ணி செத்தபிறகும் கால் உடனே அழகாகிவிடாது. கெட்ட செதில் உதிர்ந்து புதியது வரப் பல மாதங்கள் ஆகும். இது தெரியாமல் மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றி மாற்றி வாங்கிப் பணத்தைக் கரைப்பவர்கள் உண்டு. காலில் இறகு முளைக்கும் இனங்களில் இறகை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

குஞ்சுகளில் வரும் விரல் கோளாறுகளில் இரண்டைப் பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் ஒன்றில் அவசரமே இல்லை, மற்றொன்றில் ஒவ்வொரு நாளும் கணக்கு. விரல் பக்கவாட்டில் வளைந்து, ஆனால் குஞ்சு பாதத்தைத் தரையில் பதித்து ஓடிக்கொண்டிருந்தால் அது வெறும் கோணல் விரல். பரம்பரையாகவோ, அடைகாப்பில் வெப்பம் சரியில்லாமலோ, வழுக்கும் தரையாலோ வருவது. பொரித்த இரண்டு மூன்று நாளுக்குள் கெட்டி அட்டையைப் பாத வடிவில் வெட்டி, விரல்களை அதன்மேல் நேராக வைத்து ஒட்டிவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். பிந்திவிட்டாலும் அந்தக் குஞ்சு வளர்ந்து நன்றாகவே வாழும். அடைவைக்க மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மாறாக, விரல்கள் எல்லாம் உள்நோக்கி மடங்கி முஷ்டி பிடித்ததுபோல் சுருண்டு, குஞ்சு பின்மூட்டுகளின் மேலேயே தவழ்ந்தால் அது ரைபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்து பி2 குறைவால் தொடை நரம்பு கெட்டு வரும் வாதம். குஞ்சுத் தீவனத்தில் கிலோவுக்குச் சுமார் 3.6 மில்லிகிராம் அது தேவை. வெறும் நொய்யும் உடைத்த தானியமும் கொடுத்து வளர்க்கும் இடங்களில் பற்றாக்குறை வர வாய்ப்பு அதிகம். வெளிச்சத்தில் இந்தச் சத்து அழிந்துவிடும் என்பதால் திறந்து கிடக்கும் பழைய தீவனத்தையும் நம்ப முடியாது. அறிகுறி கண்ட அன்றே பி2 சேர்ந்த உயிர்ச்சத்துக் கரைசலைக் கொடுத்தபோது என் குஞ்சுகளில் பல தேறின. ஒன்று மட்டும் அதற்குள் நரம்பு நிரந்தரமாகக் கெட்டு, தேறவேயில்லை.

குஞ்சுகளின் விரல் நுனியில் எச்சமும் கூளமும் சேர்ந்து கல்லாக இறுகிய உருண்டைகளையும் பார்க்கலாம். அவற்றைக் கையால் உடைத்து இழுத்தால் நகம் கழன்று கையோடு வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, விரல்களுக்கு நடுவே நசுக்கிக் கரைத்து எடுப்பதே வழி. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்து கிடக்கும் குஞ்சுக்குக் காரணம் பெரும்பாலும் செய்தித்தாள் விரித்த வழுக்குத் தரை. சொரசொரப்பான துணியை விரித்து, இரண்டு கால்களையும் இயல்பான இடைவெளியில் மென்பட்டையால் சில நாட்கள் பிணைத்து வைத்தால் நேராக நிற்கத் தொடங்கும்.

இறந்துபோன இளம் பெட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதுவும் நொண்டியது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. பொருக்கு இல்லை, நூல் இல்லை, செதில் சரியாக இருந்தது, சூடு இல்லை. ஆனால் நிற்கும்போது விரல்கள் மடங்கின, சில நாட்களில் ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நீட்டியபடி கிடந்தது. மருத்துவர் பார்த்தவுடன் மேரக்ஸ் நோய் என்று சந்தேகித்தார். இறந்தபின் உடற்கூறு பார்த்ததில் கால் நரம்பு தடித்திருந்தது. ஒரு வகை ஹெர்பிஸ் வைரசால் வரும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போடும் தடுப்பூசிதான் பாதுகாப்பு. வைரஸ் இறகுத் தூசியில் நெடுங்காலம் தங்கும் என்பதால், அதன்பின் தடுப்பூசி போடாத குஞ்சுகளை நான் கூட்டில் விடுவதில்லை. அந்தக் கடைசி நாட்களில் அதற்கு ஊட்டிவிட்டதும் தண்ணீர் காட்டியதும் வீண் என்று எனக்கு அப்போதே தெரியும், ஆனாலும் மனம் கேட்கவில்லை. அதை இன்னும் சீக்கிரம் வலியின்றி விடுவித்திருக்கலாமே என்று மருத்துவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பாதம் வீங்கியிருந்தாலே உள்ளங்கால் கட்டி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இரண்டு பாதங்களும் பின்மூட்டுகளும் ஒருசேர வீங்கி, கரும்பொருக்கு எங்குமே இல்லாமல், பல கோழிகளுக்கு அடுத்தடுத்து வந்தால் மைக்கோபிளாஸ்மா சினோவியே என்ற தொற்று நோயாக இருக்கலாம். அதைக் கத்தியால் தீர்க்க முடியாது, மருத்துவரின் மருந்து வேண்டும். விரல் மூட்டுகளில் வெண்மையான முடிச்சுகள் தெரிந்தால் யூரிக் அமிலம் படிந்த மூட்டு வாதமாக இருக்கும். இதற்குச் சிறுநீரகப் பழுது காரணம். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டையிடாத இளம் கோழிக்கு ஒரு சதவீதம் போதும். ஒரே தொட்டியில் எல்லா வயதுக் கோழிகளையும் தின்ன விடுவதால் இளையவற்றின் சிறுநீரகம் பாழாகிறது. சுண்ணாம்பு குறைந்த தீவனத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்தால், முட்டையிடும் பெட்டைகள் தேவையானதைத் தாமே கொத்திக்கொள்ளும்.

நகங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கெட்டித் தரையில் கிளறும் கோழிக்கு நகம் தானே தேயும். மென்கூளத்தில் மட்டும் வாழ்பவைக்கு நீண்டு சுருளும். நகத்துக்குள் இரத்தம் ஓடும் பகுதி வெளிர் நகங்களில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். கருநகங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதே பாதுகாப்பு. இரத்தம் வந்துவிட்டால் சோளமாவை அப்பி இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். சில்கி, டார்க்கிங் போன்ற ஐந்து விரல் இனங்களில் அந்த ஐந்தாவது விரல் மேல்நோக்கி நிற்பதால் அதன் நகம் ஒருபோதும் தேய்வதில்லை. மறந்துவிட்டால் வளைந்து சதையிலேயே குத்தும்.

இப்போது மாதம் ஒருமுறையாவது இரவில் விளக்கோடு போய் ஒவ்வொரு கோழியின் பாதத்தையும் பார்க்கிறேன். பெரிய நேரம் பிடிப்பதில்லை. பொருக்கு புதியதாகத் தெரிந்தால் அன்றே ஊறவைத்து அயோடின் தடவிவிடுவதால், அதன்பின் எந்தப் பெட்டைக்கும் கத்தி தேவைப்படவில்லை. வீக்கம் கணுவுக்கு மேலே ஏறினாலோ, கோழி தீவனத்தை மறுத்தாலோ, சில நாள் கவனித்தும் சூடு குறையாவிட்டாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய்விடுவது என்று வரையறை வைத்திருக்கிறேன்.

மருந்து விஷயத்தில் கடைசியாக ஒன்று. மீதமிருந்த மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கலந்து விடுவது பல வீடுகளில் நடக்கிறது. முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கும் மருந்து முட்டைக்குள்ளும் போகிறது. எந்த மருந்து கோழிக்கு அனுமதிக்கப்பட்டது என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பலரும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் என்ரோஃபிளாக்சசினைக் கோழிகளுக்குத் தருவதை அமெரிக்கா 2005 ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. ஆகவே மருத்துவர் எதை எழுதினாலும், எத்தனை நாளைக்கு முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவராகச் சொல்லாவிட்டால் கேளுங்கள். என் பெட்டையின் சிகிச்சை முடிந்து அந்தக் கெடு தீரும் வரை அது இட்ட முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். மற்ற கோழிகள் கொத்தித் தின்றுவிடாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும்.